‘ஒண்ணுமில்ல, சும்மா’: ஒரு 18 நிமிடக் குறும்படம்

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, மேலே போட்டிருப்பது அதில் வருகிற ஒரு வசனம்தான். தலைப்பிலேயே கடைசிக் காட்சியைப் போட்டு உடைத்து வைத்திருக்கிறார்கள், தெரியாமல் பார்ப்பதுதான் நல்லது. முதல் குறையும் அதுதான்.

கதை ரொம்பச் சின்னது. இரண்டு வேறு நாட்டுக்காரர்கள், சேர்ந்து வாழ ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் முதல்முறையாக அவனுடைய வீட்டாரோடு ஒரு வாரம் தங்கப் போகிறாள், அவ்வளவுதான். கத்துகிற அப்பா இல்லை, மூக்கைச் சிந்துகிற அம்மா இல்லை, அந்த வீட்டில் எல்லோருமே நல்லவர்கள். இந்த மாதிரிக் கதை என்றாலே ‘வீட்டில் சம்மதிப்பார்களா’ என்பதை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டிவிடுவார்கள். சம்மதம் கிடைத்ததற்கு அப்புறம்தான் நிஜமான பாடு தொடங்குகிறது என்று தெரிந்த யாரோ எழுதிய கதை இது.

வீட்டார் பேசுவதற்கு சப்டைட்டில் கிடையாது. எனக்குத் தெரியாத மொழி வேறு. முதலில் போனில்தான் ஏதோ கோளாறு என்று செட்டிங்ஸுக்குள் போய் ரொம்ப நேரம் நோண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவளுக்கு என்ன புரிகிறதோ அதுதான் நமக்கும்.

ஆறு பேர் உட்கார்ந்து பேசுகிற ஒரு காட்சி வருகிறது. அவள் அவர்கள் மொழியை ஓரளவு படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், மூச்சை உள்ளே இழுக்கிறாள், அதற்குள் வேறு யாரோ ஆரம்பித்துவிடுகிறார்கள். மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை வாயைத் திறக்கவே இல்லை, கையிலிருக்கிற டம்ளரைப் பார்க்கிறாள். 2009-இல் பத்து மொழிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்தார்கள். மொத்தச் சராசரி சுமார் 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானிய மொழியில் சராசரி 7, டேனிஷில் 469. அரை நொடிக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் அந்த இடுக்கில் ஒரு ஆள் முழுசாக மாட்டிக்கொள்ளலாம். அவள் மக்கும் இல்லை, கூச்சப்படுகிறவளும் இல்லை, அந்த வீட்டுப் பேச்சின் தாளம் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவே. வசனமே இல்லாமல் இதைப் புரிய வைத்தது பெரிய விஷயம்.

அடுத்ததுதான் என்னைப் பிடித்து உலுக்கிய இடம். அவனுடைய அத்தை ஒரு கதை சொல்கிறாள், எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறாள், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள், ஆனால் அரை நொடி பிந்தி. முதலில் கண் அவனுடைய வாய்க்குப் போகிறது, அவன் சிரிக்கிறான் என்று உறுதியானதும்தான் இவள் உதடு விரிகிறது. என்ன கதை என்று கேட்கிறாள். “ஒண்ணுமில்ல, சும்மா, சின்ன வயசுல நான் கீழ விழுந்தது” என்கிற அளவில் முடித்துவிட்டு அவன் திரும்பிக்கொள்கிறான்.

நான் படத்தை நிறுத்திவிட்டேன். என் மனைவிக்கும் தமிழ் தாய்மொழி இல்லை, இதே பாவத்தை நான் எத்தனை தடவை செய்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் சொல்லி நாக்கு வறண்டு போகும், நாமும் கொஞ்சம் சிரிக்கலாமே என்று தோன்றும். அவன் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிற ஒரு ஷாட்டில் அதையும் காட்டிவிடுகிறார்கள்.

ஆனால் படம் உச்சத்துக்குப் போவது அந்த வீட்டாரால் அல்ல, அவனால்தான். அவர்கள் இருவர் மட்டும் இருக்கும்போது மெதுவாகப் பேசுகிறவன், இங்கே வந்ததும் குரல் ஏறி, கையை வீசி, சரிந்து உட்கார்ந்து வேறு ஆளாகிவிடுகிறான். அவள் அவனை யாரோ போலப் பார்க்கிறாள். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966-இல் மனிதர்கள் தங்களுக்குள் விடும் இடைவெளிக்கு ஒரு கணக்குச் சொன்னார். நெருக்கமானவர்களுக்கு ஒன்றரை அடிக்குள், நண்பர்களுக்கு நாலு அடி வரை, 12 அடிக்கு மேல் போனால் அது பொது இடத்துத் தூரம். அவர் பார்த்தது அமெரிக்கர்களை, ஊருக்கு ஊர் இது மாறும் என்றும் அவரே சொன்னார். கேமராவை வைத்தவர் இதை மனதில் வைத்துத்தான் வைத்தாரா என்று தெரியவில்லை, ஆனால் அந்த ஹாலில் முன்பின் தெரியாதவர்கள் அவள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்க, அவளுடைய ஆள் அறையின் மறுகோடியில் இருக்கிறான். ஒரே ஃப்ரேமில் அந்த இரண்டு தூரமும்.

கடைசி நாலு நிமிடத்தில் கெடுத்துவிட்டார்கள். வயலின் தொடங்குகிறது, அவனுடைய அம்மா அவள் கையைப் பிடிக்கிறாள், எல்லாம் சரியாகிவிட்டதாம். ஒரு வாரத்திலா? 14 நிமிடம் பொறுமையாக எடுத்தவர்களுக்கு என்ன அவசரமோ. எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இன்னொன்று. அந்த வாரம் முழுக்க அவளிடம் அவர்கள் கேட்கிற ஒரே கேள்வி, களைப்பாக இருக்கிறதா என்பதுதான். அவள் ஊர், அவள் வீடு, அவள் சிரிக்கிற கதை எதையும் யாரும் கேட்கவில்லை. இயக்குநர் வேண்டுமென்றே இப்படி வைத்திருந்தால் அபாரம் என்பேன், ஆனால் அந்த வயலினைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. ஜான் பெர்ரி என்ற உளவியலாளர் இந்த விஷயத்தையே பல வருடம் ஆராய்ந்தவர். புதிதாக வருபவர் தன் அடையாளத்தையும் விடாமல் மற்றவர்களோடும் கலக்க வேண்டுமென்றால், ஏற்கிற பக்கமும் இடம் கொடுக்க வேண்டும் என்பார். இங்கே நகர்வதெல்லாம் அவள் மட்டும்தான்.

அவளாக நடித்தவருக்கு முழு மதிப்பெண். அவன் சுமார்தான், மாடிப்படி ஷாட் தவிர. ஒலிக்கலவை அருமை, ஹெட்போன் போட்டுப் பாருங்கள். முதல் நாள் வெறும் இரைச்சலாக இருந்த பேச்சில் ஐந்தாம் நாள் ஒரே ஒரு சொல் தனியாகத் துண்டித்துக் கேட்கிறது, அவள் தலை சட்டென்று நிமிர்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வயலின் இல்லாமல் இருந்தால் நாலரை.

மனைவியோடு சேர்ந்து இன்னொரு தடவை பார்த்தேன். முடிந்ததும் அவள் படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கல்யாணமான புதிதில் உன் சித்தி ஒரு கதை சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, அது என்ன கதை, இப்போது முழுசாகச் சொல் என்றாள். சொன்னேன். சித்தி மாதிரியே எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். யார் யாருக்கு என்ன உறவு, அந்த ஆள் பேர் சொன்னாலே ஏன் சிரிப்பு என்றெல்லாம் விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் சிரித்தாள்.