ஃப்ரீகேட் ஸ்கெட்சில் சுற்றி நகல் எடுப்பது: 12 இதழ் கிரில் போட்டுப் பார்த்தேன்

கடலூர் செம்மண்டலம் பக்கம் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். வரைய வேண்டியது வந்தால் தெரிந்தவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து ஆட்டோகேட் என்கிற வரைபட சாஃப்ட்வேரில் போட்டுவிடுவேன். அவர் ஊர் மாறிப் போனதும், வருடச் சந்தா கட்ட மனசு வராமல், அதே மாதிரி வரைகிற ஃப்ரீகேட் 1.0-ஐ இறக்கினேன். 2024 நவம்பரில் வந்தது, காசு கிடையாது.

முதல் வேலையே புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டுக்கு வட்ட ஜன்னல் கிரில். 600 எம்எம் டயா, 12 இதழ், 3 எம்எம் ஷீட்டில் லேசர் கட்டிங்.

ஓர் இதழ் என்பது இரண்டு ஆர்க் (வட்டத்தின் ஒரு துண்டு வளைவு), அவ்வளவுதான். அதைச் சரியாகப் போட்டுவிட்டால் மீதி 11-ஐயும் சுற்றி நகல் எடுக்க ஸ்கெட்சிலேயே (ஃப்ரீகேடில் கோடு வரைகிற பகுதி) ஒரு ரொட்டேட் டூல் இருக்கிறது, இது 1.0-இல்தான் வந்தது. இதழைத் தேர்ந்தெடுத்து, மையத்தைச் சொடுக்கி, கோணமும் நகல் எண்ணிக்கையும் கொடுத்தால் கண்ணெதிரே பூ விரிகிறது. ஆட்டோகேடில் ரொட்டேட் கொடுத்து, காப்பி ஆப்ஷனைத் தட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிய காலத்தை நினைத்தால் (அங்கேயும் மையத்தைச் சுற்றி ஒரே தடவையில் நகல் அடுக்குகிற போலார் அரே உண்டு, எனக்குத்தான் லேட்டாகத் தெரிந்தது) இது சுகம்.

ஆனால் முதலில் ஏமாந்தது எண்ணிக்கையில். இந்த டூலில் கேட்பது நகல் எத்தனை என்று, அசல் அதில் சேராது. 12 இதழ் வேண்டுமென்றால் 11 போட வேண்டும், 0 போட்டால் அசலே திரும்பிவிடும். அதே ஃப்ரீகேடில் பார்ட் டிசைன் என்கிற முப்பரிமாணப் பகுதியில் சுற்றி நகல் எடுக்கிற போலார் பேட்டர்னுக்குப் போனால் அங்கே அசலையும் சேர்த்து 12 என்று போட வேண்டும். ஒரே சாஃப்ட்வேருக்குள் இரண்டு கணக்கு, இது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அசல் இதழை அளவெல்லாம் கொடுத்துக் கட்டி வைத்திருந்தேன், ஸ்கெட்ச் முழுக்கப் பச்சையாக இருந்தது, எதுவும் நகராதபடி கட்டியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம். நகல் எடுத்ததும் பச்சை போய்விட்டது, ஏனென்றால் நகல்கள் 30 டிகிரி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டும் அவற்றுக்குக் கிடையாது. ஈக்வல் கன்ஸ்ட்ரெயின்ட் (சம அளவுக் கட்டு) போடச் சொல்லி ஒரு டிக் இருக்கிறது, அது அளவை அசலோடு சேர்த்துக் கட்டும், இடத்தைக் கட்டாது. மவுஸ் லேசாகப் பட்டு ஓர் இதழ் நகர்ந்ததை நான் கவனிக்காமல் லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைலை அனுப்ப, வெட்டி வந்த ஷீட்டில் ஒரு பல் கோணலான சிரிப்பு மாதிரி இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது, பச்சை போனதுமே நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்புறம் வீட்டுக்காரம்மா, "தம்பி, பத்து இதழ் போதும், ரொம்ப நெருக்கமா இருக்கு" என்றார். ஸ்கெட்ச் ரொட்டேட்டில் போய் 12-ஐ 10 ஆக்க வழியில்லை, நகலையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்துதான். அங்கேதான் டிராஃப்ட் பகுதியின் போலார் அரேக்கு மாறினேன். ஸ்கெட்சில் ஓர் இதழ் மட்டும், சுற்றுவது வெளியே. எண்ணைப் பத்து என்று மாற்றினால் எல்லாம் தானாக 36 டிகிரிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது, ஓர் இதழைத் திருத்தினால் பத்தும் திருந்துகிறது. லேப்டாப்பும் முனகவில்லை. ஸ்கெட்சுக்குள் ஆர்க் கூடக்கூட அது கணக்குப் போட நேரம் எடுக்கும், என்னுடையது பழசு வேறு.

அதனால் ரொட்டேட் டூல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதுநகர் படகுக்காரருக்கு 6 ஓட்டை பிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கிற வட்டத் தகடு), இனி மாறவே மாறாது என்றால் அதிலேயே போட்டு வேலையை முடித்துவிடுகிறேன். வாடிக்கையாளர் மனசு மாறுகிற வேலை என்றால் அந்த டூலைத் தொடுவதில்லை. எதில் செய்தாலும் மையத்தை ஒரிஜினிலேயே, அதாவது 0,0 புள்ளியிலேயே வைத்துவிடுங்கள், பக்கத்தில் எங்காவது வைத்துவிட்டு அரை மில்லி விலகலைத் தேடுவது பெரிய தொல்லை.

இப்போது ஒருத்தர் 7 இதழ் கேட்டு வந்திருக்கிறார். இதழ் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க இரண்டு கட்டுமானக் கோடு (வெட்டில் வராத துணைக் கோடு) போட்டு நடுக் கோணத்தில் 360/7 என்றே அடித்தேன், 51.43 என்று அதுவே வகுத்துக்கொண்டது. கால்குலேட்டரை எடுக்கவில்லை.