அச்சு மாவுக்குப் பதிலாக ஸ்கேனர்: பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கில் சில ஆண்டு அனுபவம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு சிகிச்சை நாற்காலிகளோடு நடக்கும் எங்கள் பல் கிளினிக்கில், வாயினுள் வைத்துப் பற்களை முப்பரிமாணமாகப் பதிவு செய்யும் ஸ்கேனரை வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நேரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் விற்பனையாளர் அதை விற்றார். அது பொய்யன்று. ஆயினும் இவ்வளவு காலம் பயன்படுத்திப் பார்த்ததில், என் வேலையின் தரத்தில் அது செய்த மாற்றமே பெரிதென்று தோன்றுகிறது. மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி அந்தத் தரத்தின் வழியாகக் கிடைத்ததுதான். இதைப் புதுத் தொழில்நுட்பம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். உண்மையில், சூரிச்சில் 1985ஆம் ஆண்டிலேயே ஒளியால் பல்லை அளந்து, ஒரே அமர்வில் பீங்கான் நிரப்பைப் பொருத்திவிட்டார்கள்.

முன்பு பல்லின் அச்சு எடுக்க, எதிர்த்தாடைக்கு ஆல்ஜினேட் என்ற மாவும், கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) வைக்க வேண்டிய பல்லுக்குச் சிலிக்கோனும் பயன்படுத்தினோம். பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட் வாயிலிருந்து எடுத்த கணம் முதல் ஈரத்தை இழந்து சுருங்கும். தண்ணீரில் போட்டுவைத்தாலோ உறிஞ்சி உப்பும். அதனால் அடுத்த நோயாளி காத்திருந்தாலும் உடனே பிளாஸ்டர் ஊற்றியாக வேண்டும். சிலிக்கோன் அளவு மாறாது, ஆனால் பல்லின் விளிம்போரம் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால் போதும், அச்சு வீண். அந்தக் குமிழி பெரும்பாலும் கிளினிக்கில் எங்கள் கண்ணில் படாமல், பெடரல் நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து கிரவுன் செய்து தரும் பெட்டாலிங் ஜெயா லேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும். கிள்ளானிலிருந்து விடுப்பு எடுத்து வந்த நோயாளியை மறுபடியும் வரச் சொல்லி, மறுபடியும் ஊசி போட்டு, மறுபடியும் அச்சு எடுப்பதில் இரு தரப்புக்கும் ஏற்படும் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் தனி வரியாக வருவதில்லை.

ஸ்கேனர் வந்தபின் அந்தக் குறை நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே திரையில் தெரிந்துவிடுகிறது. கிரவுனுக்காக நான் செதுக்கிய பல், உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகி எதிரே நிற்கிறது. விளிம்பு எங்கே மழுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் உட்குழிந்து கிரவுன் இறங்கத் தடையாக இருக்கிறது, எதிர்ப்பல் கடிக்கும் இடத்தில் பீங்கானுக்குப் போதிய இடம் விட்டிருக்கிறேனா என்பவற்றையெல்லாம் பார்க்க முடிகிறது. இடைவெளி குறைந்த இடத்தை மென்பொருள் சிவப்பாகக் காட்டும்போது, மரப்பு இறங்குவதற்கு முன்பே அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்து, அந்த இடத்தை மட்டும் மீண்டும் பதிவு செய்துவிடலாம். கிரவுனுக்கும் பல்லுக்கும் இடையிலான விளிம்பு இடைவெளி 120 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் ஏற்கலாம் என்று 1971இல் மக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் முன்வைத்த அளவுகோல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த நுணுக்கத்தை எதிர்பார்க்கும் வேலையைச் சிறு கண்ணாடியில் மட்டும் பார்த்து முடிப்பதற்கும், திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிப்பதற்கும் வேறுபாடு மிக அதிகம்.

உற்பத்தித்திறன் மட்டும் தானாக வந்துவிடவில்லை. ஒரு ஸ்கேனரை இரண்டு நாற்காலிகளுக்கும் பகிர்ந்தபோது, அது எந்த அறையில் இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போயிற்று. பின்னர்க் கிரவுன் வேலைகளைக் காலை நேரத்தில் ஒரே அறைக்கு ஒதுக்கினோம். இப்போது ஊசி போட்டு மரப்பு ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் எதிர்த்தாடை, செதுக்கப்படாத பல், கடி ஆகிய மூன்றையும் பதிவு செய்துவிடுகிறோம்; செதுக்கியபின் அந்தப் பல் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி நீக்கிப் புதிதாகப் பதிவு செய்கிறோம். முழுதும் மரத்துப்போன தாடையுடன் நோயாளி கோணலாகக் கடித்துவிடுவார் என்ற கவலை இதனால் நீங்கியது. இதற்கிடையே உதவியாளர் லேப் படிவத்தையும் நிறக் குறிப்பையும் நிரப்பி முடித்துவிடுவார். கிரவுனைப் பொருத்தும் நாளில் கடியைத் தேய்த்துச் சரிசெய்யும் வேலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. தீபாவளிக்கு முன்பும், கல்யாண மாதங்களிலும் இதன் பயன் நன்றாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. ஒளி படாத இடத்தை ஸ்கேனர் பதிவு செய்யாது. ஈறுக்குக் கீழே இறங்கிய விளிம்பு, கசியும் இரத்தம், தேங்கிய உமிழ்நீர் ஆகிய மூன்றும் அதற்குப் பகை. ஈறை விலக்கும் நூலை வைக்கும் பொறுமை முன்பு எவ்வளவு வேண்டியிருந்ததோ, இன்றும் அவ்வளவே வேண்டும். சின்னச் சின்னப் படங்களை ஒட்டி ஒட்டியே முழுத் தாடையும் உருவாவதால், பிழையும் சிறிது சிறிதாகச் சேரும்; ஒன்றிரண்டு பற்களில் இது பொருட்டில்லை, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீளும் பாலத்தில் (இழந்த பற்களுக்குப் பதிலாக அருகிலுள்ள பற்களில் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்வரிசை) நான் இன்னும் இதை முழுதாக நம்புவதில்லை. பல்லே இல்லாத முதியவர்களின் ஈறு அசைந்து கொடுப்பதால், முழுப் பல்செட்டுக்கு அச்சுத்தட்டைத்தான் எடுக்கிறேன். ஆனால் தட்டைப் பார்த்ததுமே குமட்டுபவர்களுக்கு ஸ்கேனர் பெரிய விடுதலை. பழைய நோயாளியான ஓர் அம்மா, “மாவு வைக்கலையா டாக்டர்?” என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

செலவைப் பொறுத்தவரை, கருவியின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. 134 டிகிரி செல்சியஸில் நீராவியில் கிருமிநீக்கம் செய்யப்படும் ஸ்கேனர் முனைகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு. கண்ணாடி மங்கிய முனையை வைத்துக்கொண்டு சிக்கனம் பார்த்தால் பதிவு தவறும். ஆண்டுச் சந்தாவும் கணினியின் விலையும் தனி. நோயாளியின் பதிவுகள் இணையச் சேமிப்பகத்துக்குப் போவதால், மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஐ மனத்தில் கொண்டு, அவை எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுவது நல்லது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் லேபில் பேச வேண்டும். ஸ்கேனர் பதிவை அனுப்பும் எஸ்டிஎல் (STL) வகைக் கோப்பில் பல்லின் வடிவம் மட்டுமே போகும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான எல்லையை நிறத்தால் பிரித்தறிய, நிறத்தையும் சுமக்கும் பிஎல்ஒய் (PLY) போன்ற கோப்பை அந்த லேப் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிரவுன் மட்டும் செய்யும் கிளினிக்குக்கு நல்ல சிலிக்கோனும், தொலைபேசியில் அழைத்துக் குறை சொல்லத் தயங்காத ஒரு லேப் தொழில்நுட்பரும் போதும் என்பது என் கருத்து.