சாயத் தண்ணீருக்கு எந்தச் சவ்வு: பாலிஅமைடா, பாலிஈதர்சல்போனா?

வீரவநல்லூர்ப் பக்கம் கைத்தறி நூலுக்குச் சாயம் போடும் ஒரு சின்னப் பட்டறைக்காக, சாயக் கழிவுநீரை வடிகட்டும் சவ்வு தயாரிக்க உட்கார்ந்தபோது, என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, மேலே மெல்லிய பாலிஅமைடுப் படலம் போர்த்திய நானோ வடிகட்டிச் சவ்வு. இன்னொன்று, சல்போனேட் என்ற எதிர்மின்னூட்டக் குழுக்களை ஏற்றிய பாலிஈதர்சல்போன் சவ்வு. நான் இரண்டாவதற்குப் போனேன்.

நிறத்தை நீக்குவதில் பாலிஅமைடு கெட்டி. கடையிலும் ஆயத்தமாகக் கிடைக்கும். சரி, உப்பைப் பார்ப்போம். பருத்தி நூலோடு வேதிப் பிணைப்பில் ஒட்டும் ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பை அள்ளிக் கொட்டுகிறோம். அந்த வகைக் கறுப்புச் சாயமான ரியாக்டிவ் பிளாக் 5-இன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 990, சாதா உப்புக்கு 58. இரண்டுக்கும் இடைப்பட்ட துளை அமைந்தால் சாயம் மேலே நிற்கும், உப்புத் தண்ணீர் கீழே இறங்கி அடுத்த சாயத்துக்கு ஆகும். சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடும் பட்டறையில் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பலிக்காது. சல்பேட்டை இந்த வகைச் சவ்வுகள் ஓரளவு தடுத்துவிடும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது கழுவுகிற வேலைதான். மாதிரித் துண்டைக் கையில் வாங்கியதும் பட்டறை அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "தம்பி, கறை புடிச்சா பிளீச்சிங் ஊத்திக் கழுவலாம்லா?" சாயப்பட்டறையில் கைக்கு எட்டும் மருந்து அதுதானே. பாலிஅமைடில் ஊற்றினால் குளோரின் அதன் அமைடு பிணைப்பைத் தாக்கும், படலம் தளரும், சாயம் கசியும். பாலிஈதர்சல்போனில் அந்தப் பிணைப்பே கிடையாது. சாயக் குளியலின் காரத்தையும் அது நன்றாகத் தாங்கும். சிவப்பேறிய துண்டை நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் போட்டேன். கண்ணெதிரே வெளுத்துக்கொண்டு வந்தது. பிளீச்சிங் பவுடரை மட்டும் வேண்டாம் என்றேன், அதிலிருக்கும் சுண்ணாம்பு துளையில் போய் உட்காரும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. தண்ணீர் நன்றாக இறங்கட்டும் என்று சவ்வு வார்க்கும் பாலிமர் கரைசலில் பிவிபி (தண்ணீரை ஈர்க்கும் பாலிவினைல்பிரோலிடோன் என்ற பாலிமர்) கலப்பது வழக்கம். குளோரின் அந்தப் பிவிபியை அரிக்கும், கழுவக் கழுவத் துளை அகலும். அதனால் பிவிபியைக் குறைத்து, நீர்ப்பற்றைச் சல்போனேட் குழுக்களிடமே விட்டேன். அவற்றின் எதிர்மின்னூட்டம், அதே மின்னூட்டம் கொண்ட ரியாக்டிவ் சாயத்தைத் தள்ளவும் செய்யும். கரைசலில் பாலிஈதர்சல்போன் அளவையும் கூட்டினேன். 18 சதவீதத்தில் வார்த்தபோது கீழே இறங்கிய தண்ணீரும் சிவப்பாகவே இருந்தது. 24-இல் கரைசல் தேன் பதத்துக்கு வந்தது. கண்ணாடித் தட்டில் கத்தியால் இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால், தெளிவாக இருந்த படலம் நொடியில் பால் வெள்ளையாக உறையும்.

அழுத்தம் தாங்குவது, விலை இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டேன். நான் ஓட்டியது உள்ளங்கை அகலத் தட்டைத் துண்டுகளில், எட்டு வாரம்தான். சுருளாகச் சுற்றி வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. பத்தமடையில் கோரைக்கு ஏற்றும் சாயத்தையும் இன்னும் ஓட்டவில்லை. அதில் மெத்திலீன் நீலம் மாதிரி நேர்மின்னூட்டச் சாயம் இருந்தால், என் சவ்வு அதைத் தள்ளாது, இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும். அங்கே போவதற்கு முன் பாலிஅமைடையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்பேன்.