புது மருந்து வராத பிரிவிலிருந்து ஒரு மதிப்பீடு

மார்பகப் புற்றுநோய்க்கான ஒரு கிளினிக்கல் ட்ரையலில், அதாவது புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் சேர்ந்து, அதன் சிகிச்சைக் கட்டத்தை முடித்துவிட்டேன். மருத்துவமனையின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த மருந்து நல்லதா என்றும் என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் அது எனக்குக் கிடைக்கவே இல்லை. சேர்ந்தவர்களைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான ஹார்மோன் மாத்திரையோடு புது மருந்தும் உண்டு. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மாத்திரை மட்டும்தான். நான் இரண்டாவது பிரிவு. அதனால் நான் இங்கே மதிப்பிடுவது கவனிப்பை. புது மருந்து கொடுக்காத நோயாளியையும் அதே அக்கறையோடு பார்த்தார்களா? ஓர் ஆய்வுப் பிரிவின் தரத்தை அளக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

என் நோய் ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது ஹார்மோனின் தூண்டுதலால் வளரும் வகை. அக்குள் நெறிக்கட்டிகள் வரை பரவியிருந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, லெட்ரோசோல் என்ற அந்த வழக்கமான ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கும் நேரத்தில்தான் டாக்டர் இந்த ஆய்வைப் பற்றிப் பேசினார்.

பேசிய அன்றே அவர் கையெழுத்து கேட்கவில்லை. அதுவே எனக்கு முதல் நம்பிக்கை. இருபது பக்கத்துக்கு மேல் இருந்த ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மகள் உரக்க வாசிக்க, நான் புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த முறை போனபோது ஆய்வு ஒருங்கிணைப்பாளர் சிஸ்டர் ஒவ்வொரு கோட்டையும் எடுத்துப் பதில் சொன்னார். எந்தப் பரிசோதனைக்கு ஆய்வு பணம் கட்டும், எது என் செலவு என்பது படிவத்திலேயே தெளிவாக இருந்தது. லெட்ரோசோல் வழக்கமான சிகிச்சை என்பதால் அது என் பொறுப்பு. ஆய்வுக்காகக் கூடுதலாக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் அவர்கள் பொறுப்பு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எனக்கு உறுத்திய கேள்வி ஒன்றுதான். "எனக்குப் புது மருந்து விழலேன்னா, என்னை எதுக்கு சிஸ்டர் இத்தனை தடவை வரச் சொல்றீங்க?"

"நீங்க இல்லேன்னா அந்த மருந்து வேலை செய்யுதான்னு யாருக்குமே தெரியாதும்மா. அவங்களுக்கு என்ன செக்கப்போ அதேதான் உங்களுக்கும். பிடிக்கலேன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், உங்க ட்ரீட்மெண்ட் ஒண்ணும் குறையாது."

நான் துணி தைக்கிறவள். அளவுத் துணி கையில் இல்லாமல், புதிதாகத் தைத்தது சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. அந்தப் பதில் எனக்கு உடனே புரிந்தது. அது எவ்வளவு பெரிய உண்மை என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. 1990களில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, அதில் அழியும் எலும்பு மஜ்ஜையை ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) ஏற்றி மீட்கும் சிகிச்சை வேகமாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஆய்வுக்கு வெளியிலேயே அதை எடுத்துக்கொண்டார்கள். ஆய்வில் சேர்ந்தால் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. அதனால் ஆய்வுகளுக்கு ஆள் சேரவே பல வருடங்கள் ஆயின. 1999இல் பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது, அந்தக் கொடுமையான சிகிச்சை ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. அதற்குச் சாதகமாகப் பேசிய ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்பதும் 2000இல் அம்பலமானது. இதைப் படித்த பிறகு, என் பிரிவைக் குறைவானது என்று நான் நினைத்ததே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எனக்கு மார்பகம் முழுவதையும் எடுக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்து, ரேடியேஷன் கொடுத்தார்கள். இப்படிச் செய்தால் போதும் என்று இன்று டாக்டர்கள் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் தலைமையில் அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய ஆய்வு. முழு மார்பகமும் போகுமா, கட்டி மட்டும் போகுமா என்பதையே குலுக்கலுக்கு விட அந்தப் பெண்கள் சம்மதித்தார்கள். 1,851 பெண்களின் 20 வருடக் கணக்கு 2002இல் வெளிவந்தது. உயிர் வாழ்வதில் பிரிவுகளுக்கிடையே வித்தியாசம் இல்லை. கட்டியை மட்டும் எடுத்தவர்களில், அதே மார்பகத்தில் நோய் திரும்பியது ரேடியேஷன் இல்லாதவர்களுக்கு 39.2 சதவீதம், ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு 14.3 சதவீதம். முகம் தெரியாத அந்தப் பெண்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆய்வில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கவனிப்புக்கு வருகிறேன். லெட்ரோசோல் தொடங்கிச் சில மாதங்களில் விரல் மூட்டுகள் வலிக்க ஆரம்பித்தன. இந்த மாத்திரை எடுக்கும் பல பெண்களுக்கு வருவதுதான். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். உயிர் தப்பியதே பெரிது, இதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று பேசாமல் இருந்தேன். ஆய்வு விசிட்டில் சிஸ்டர் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்: உடம்பில் திடீர்ச் சூடு, தூக்கம், மூட்டு வலி. "கொஞ்சம் வலிக்குது" என்றேன். அவர் அதோடு விடவில்லை.

"கத்தரி பிடிக்க முடியுதாம்மா? காலையில விரல் சரியாக எவ்வளவு நேரம் ஆகுது? தைக்கிற வேலையைக் குறைச்சிருக்கீங்களா?"

குறைத்திருக்கிறேன் என்றதும் இரண்டாம் நிலை என்று எழுதினார். லேசான வலி முதல் நிலை. வேலையைக் கெடுத்தால் இரண்டாம் நிலை. குளிக்க, உடுத்தவே முடியாமல் போனால் மூன்றாம் நிலை. உலகம் முழுவதும் புற்றுநோய் ஆய்வுகளில் இப்படித்தான் தரம் பிரிக்கிறார்கள் என்று விளக்கினார். "கொஞ்சம்" என்று சொல்லிச் சமாளிக்க அதில் இடமில்லை. எதைச் செய்ய முடியவில்லை என்பதுதான் கணக்கு. எழுதிய தாள் டாக்டர் மேஜைக்குப் போனது. அவர் முதலில் உடற்பயிற்சி சொன்னார், குறையாவிட்டால் மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்றார். அந்த உடற்பயிற்சி யோசனையும் ஆய்விலிருந்து வந்ததுதான். இதே வகை மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. வாரம் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சி, வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற பயிற்சி. செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. எனக்கும் குறைந்தது. மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது காலையிலேயே துணி வெட்ட உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்படிக் கேட்டு எழுதுவதே ஒரு சிகிச்சை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினர் தங்கள் தொந்தரவுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்கள். மோசமானால் நர்சுக்குத் தகவல் போகும். 2017இல் வந்த முடிவின்படி அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26.0 மாதம். அவர்கள் நிலை வேறு, என் நிலை வேறு. ஆனாலும் ஓ.பி.யில் நாலு நிமிடத்தில் "எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கேன்" என்று எழுந்து வரும் எத்தனையோ பெண்களை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

அப்புறம் அந்த முதுகு வலி. ஒரு நாள் ராத்திரி இடுப்புக்கு மேலே பிடித்தது, படுத்தாலும் விடவில்லை. இந்த நோய் வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் மனசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆய்வில் சேர்ந்தபோது கொடுத்த சின்ன அட்டையில் எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் என் ஆய்வு எண்ணைக் கேட்டார், காலில் மரப்பு இருக்கிறதா, சிறுநீர் போவதில் சிரமமா என்று கேட்டார், மறுநாளே வரச் சொன்னார். ஸ்கேன் சுத்தமாக இருந்தது, தசைப்பிடிப்புதான். "இதுக்கா வந்தீங்க" என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

குறைகளையும் எழுத வேண்டும். வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்வித்தாளை டேப்லட்டில் கொடுத்து, காத்திருக்கும் கூடத்திலேயே நிரப்பச் சொன்னார்கள். தாம்பத்திய உறவைப் பற்றியும் அதில் கேள்வி உண்டு. பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருவர் எட்டிப் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்கு யார் உண்மையைச் சொல்வார்கள்? என்னைப் போலப் பலர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். தவறான பதில் ஆய்வையே கெடுக்கும். ரத்தம் எடுக்கும் இடத்தில் இன்னொரு தொல்லை. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். லேபில் ஷிஃப்ட் மாறினால் அங்கே இருப்பவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு தடவையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. மயக்கத்தில் வரும் ஒரு நோயாளி எப்படிச் சொல்வார்?

பெரிய வருத்தம் கடைசியில் வந்தது. சிகிச்சைக் கட்டம் முடிந்ததும் விசிட்டுகள் குறைந்தன, சிஸ்டரும் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். முடிவு எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். டாக்டரிடம் நேராகக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. இவ்வளவு பேருக்கு நோய் திரும்பினால்தான் கணக்குப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். அதுவரை தனிக் குழு ஒன்று மட்டுமே விவரங்களைப் பார்க்கும். மெதுவாக வந்தால் நல்லது என்றே வேண்டிக்கொண்டேன், யாருக்கோ நோய் திரும்பவில்லை என்றுதானே அர்த்தம். ஆனால் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். முடிவு வந்ததும் எங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பதற்கும் உறுதியான பதில் இல்லை. ஆய்வில் பங்கெடுத்தவர்கள் விரும்பினால் முடிவை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013 திருத்தமே சொல்கிறது. அது எங்கள் உரிமை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்தக் கேள்வித்தாளுக்கும் முடிவு பற்றிய மௌனத்துக்கும். அடிக்கடி வந்து போக உடம்பு ஒத்துழைக்காதவர்களும், கூட வர ஆள் இல்லாதவர்களும் சேரும் முன் யோசிக்கட்டும், அந்த அலைச்சல் உண்மையானது. மற்றவர்களுக்கு டாக்டர் ஆய்வைப் பற்றிச் சொன்னால் படிவத்தை வாங்கிப் படிக்கச் சொல்வேன். போன விசிட்டில் என் இரண்டு புகாரையும் எழுதியே கொடுத்தேன். கேள்வித்தாள் நிரப்ப இப்போது கதவு சாத்திக்கொள்ளும் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். முடிவைத் தபாலில் அனுப்பச் சொல்லி நான் கேட்டது என் கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன்.