மார்கழியில் இரண்டு இசை ஆய்வரங்குகள்: மியூசிக் அகாடமியின் காலை அமர்வும் தமிழிசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சியும்

மார்கழி சீசன் வந்தால் எல்லோரும் சாயங்காலக் கச்சேரிப் பட்டியலைத்தான் புரட்டுகிறோம். இசை வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலைப் பட்டியலை. சென்னையில், ஒரே மாதத்தில், இசையின் பழைய சான்றுகளை மேடையில் வைத்துப் பேசும் அரங்குகள் இரண்டு நடக்கின்றன. இரண்டின் பலமும் பலவீனமும் வேறு வேறு.

மியூசிக் அகாடமி பிறந்ததே ஒரு மாநாட்டில்தான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்ட் 18 அன்று அகாடமி தொடங்கப்பட்டது. கச்சேரிகள் இன்று எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தாலும், ஆண்டு விழாவின் முதுகெலும்பு அந்த மாநாடுதான். அந்த ஆண்டு சங்கீத கலாநிதி விருது பெறப்போகிறவர் காலை அமர்வுகளுக்குத் தலைமை வகிப்பதும், ஜனவரி 1 அன்று சதஸில் (விருது வழங்கும் அவையில்) அது தரப்படுவதும் அந்த மரபின் தொடர்ச்சி. டி.டி.கே. சாலை வளாகத்தில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் அரங்கில் காலை 8 மணியை ஒட்டி அமர்வு தொடங்குகிறது. பெரும்பாலும் நாளுக்கு இரண்டு லெக்-டெம் (பாடிக் காட்டியபடி பேசும் விளக்க உரை). அனுமதி இலவசம். அரங்கு சிறியது, பிரபல வித்வான் பேசும் நாளில் 7.45-க்குள் போய்விடுவது நல்லது. கல்வெட்டோ சுவடியோ தலைப்பாக இருக்கும் நாளில் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆய்வு மாணவர்கள் தவறவிடக் கூடாதது அந்த நாட்களைத்தான்.

இந்த அமர்வின் மிகப் பெரிய பலம், சொல்வதை அங்கேயே பாடிக் காட்ட வேண்டும் என்பது. பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ‘இந்த ராகத்தில் பழைய நோட்டேஷனில் இப்படி ஒரு பிரயோகம் இருக்கிறது’ என்று தாளில் படித்துவிட்டு இறங்கிவிடலாம். இங்கே அந்தப் பிரயோகத்தை, அதாவது அந்த ஸ்வரக் கோவையை, பாட வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேர் பாடகர்கள் அல்லது வாத்தியக்காரர்கள். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் ஸ்வரங்களோடு, அவற்றை எப்படி அசைத்துப் பாட வேண்டும் என்று காட்டும் கமகக் குறிகளும் உண்டு. குறியைத் தவிர்த்து ஸ்வரத்தை மட்டும் வாசித்தால் ராகம் எலும்புக்கூடாக நிற்கும்; குறியோடு பாடினால்தான் அது எந்த அளவுக்கு இன்றைய வழக்கிலிருந்து விலகுகிறது என்பது காதுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கேட்க இதைவிட நல்ல இடம் நமக்குத் தெரிந்து இல்லை.

குறை நேரத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் பேச்சு, பாட்டு, கேள்வி, தலைவரின் கருத்து எல்லாம் முடிய வேண்டும். முன்னுரையில் பரத முனிவர் முதல் தொடங்குகிறவர்கள் சொந்தக் கண்டுபிடிப்புக்கு வரும்போது மணி அடிக்கும் தருணம் வந்துவிடும். கேள்வி நேரமும் பாராட்டுகளில் கரைகிறது. மூத்தவர்கள் முன்னால் மறுத்துப் பேசத் தயங்கும் மரியாதை நம் பண்பாட்டில் அழகானதுதான், ஆனால் ஆய்வுக்கு அது உதவுவதில்லை. அகாடமியின் ஆரம்ப கால நிபுணர் குழு விவாதங்களைப் படித்தால் ராக லட்சணம் (ராகத்தின் இலக்கணம்) பற்றி வித்வான்களும் பண்டிதர்களும் எவ்வளவு வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள் என்பது தெரியும். 1930 முதல் வரும் அகாடமி இதழில் அவை பதிவாகியுள்ளன.

எனவே தயாராகப் போனால்தான் இந்த அமர்வு பலன் தரும். தலைப்பு தெரிந்ததும், அந்த ராகம் அல்லது அந்த வாக்கேயக்காரர் (பாடலை இயற்றி இசையமைத்தவர்) பற்றிப் பழைய இதழ்களில் என்ன பேசப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். புதியது என்று அறிவிக்கப்படும் விஷயம் முன்பே விவாதிக்கப்பட்டு முடிந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

அங்கே காதில் விழும் கூற்றுகளைச் சோதிக்கச் சில வழிகள் உண்டு. யாராவது மேள எண்ணை, அதாவது தாய் ராகத்தின் வரிசை எண்ணை, சொன்னால், எந்தப் பட்டியல் என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். கனகாங்கியில் தொடங்குவது ஒன்று, கனகாம்பரியில் தொடங்குவது இன்னொன்று. 22 என்றால் முதல் பட்டியலில் கரஹரப்பிரியா. தீட்சிதர் பரம்பரையின் பட்டியலில் ஸ்ரீராகம். 20 என்றால் ஒன்றில் நடபைரவி, மற்றதில் நாரீரீதிகௌளை. இரண்டாவது பட்டியலில் ராகாங்க ராகத்துக்கு (அங்கே தாய் ராகத்துக்குப் பெயர் அது) ஒழுங்கான ஆரோகண அவரோகணம் (ஸ்வரங்களின் ஏறு வரிசை, இறங்கு வரிசை) கட்டாயமில்லை. இதைக் கலந்துவிட்டு ‘பழைய நூல் தப்பு’ என்று முடிவு கட்டும் கட்டுரைகள் இன்னமும் வருகின்றன.

முத்துசுவாமி தீட்சிதர் கிருதி என்று சொல்லி ஒன்றைப் பாடினால், அது சம்பிரதாய பிரதர்சினியில் உள்ள 229-இல் ஒன்றா என்று கேட்கலாம். இல்லை என்றால் அது போலி என்று அர்த்தமில்லை. அந்த நூலுக்கு வெளியே கிடைத்தது, அதனால் யாரிடமிருந்து வந்தது என்ற பாடாந்தர வரிசையைப் பேச்சாளர் காட்ட வேண்டும் என்பதுதான் பொருள். தியாகராஜர் என்றால் வாலாஜாபேட்டைச் சீடர்களின் சுவடிகள் பார்க்கப்பட்டனவா என்பது அதே போன்ற கேள்வி.

பழைய கிராமபோன் தட்டுகளை ஆதாரமாக வைக்கும் லெக்-டெம்களில் இன்னும் கவனம் தேவை. ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74-இல் பதிவானதை 78-இல் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) கூடிவிடும். ‘அந்தக் காலத்தில் இவ்வளவு கட்டையில், இவ்வளவு விறுவிறுப்பாகப் பாடினார்கள்’ என்ற முடிவுகள் பலவற்றில் பாதி சுழல்வேகம் செய்த வேலை. தட்டு என்ன வேகத்தில் கணினிக்கு மாற்றப்பட்டது, பக்கவாத்தியச் சுருதியை வைத்து அது சரிபார்க்கப்பட்டதா என்ற ஒரே கேள்வி போதும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்றரை நிமிடம்தான் அடங்கும். ஆகவே ஆலாபனை சுருக்கம் என்பதை வைத்து அக்காலக் கச்சேரி வழக்கை ஊகிப்பதும் பிசகு.

கேள்வி கேட்கும்போது ‘ஒரு சின்ன அபிப்பிராயம்’ என்று தொடங்காதீர்கள். நூல், பக்கம், பிரயோகம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கேட்டால் பதில் வந்தே தீரும். நேரம் கிடைக்காவிட்டால் அமர்வு முடிந்ததும் பேச்சாளரிடமே போய்க் கேளுங்கள். மேடையில் சொல்லாத சந்தேகங்களை அப்போது அவர்கள் தாராளமாகப் பகிர்வார்கள்.

தமிழிசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சி முற்றிலும் வேறு சுபாவம் கொண்டது. 1943-இல் தொடங்கிய சங்கம் 1949 முதல் இதை நடத்துகிறது. இடம் எஸ்பிளனேடில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம். உயர்நீதிமன்ற மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் பாட, தமிழறிஞர்களும் இசைவாணர்களும் சேர்ந்து தேவாரத்தின் பழைய இசை வகைகளான பண்களை ஆராயும் அவை இது. தேவாரத்தில் பாடல் உறுதியாக நிற்கிறது. இசைதான் ஓதுவார் வாய்வழியாக வந்தது. அதனால் பேச்சு ஓலைச்சுவடியை விடக் குரலையே அதிகம் சார்ந்திருக்கிறது. நட்டபாடை, பழம்பஞ்சுரம், கொல்லி என்று வரிசையாக, பழக்கப்பட்ட குரலில் கேட்பதே ஒரு பயிற்சி. அகாடமியில் அபூர்வமாகக் கிடைப்பது இங்கே அன்றாடம்.

பண்ணுக்கு நேர் ராகம் போட்டுக் கணக்கை முடித்துவிடும் ஆசைதான் இங்கே உள்ள ஆபத்து. இன்றைய ஓதுவார் வழக்கில் தக்கராகமும் தக்கேசியும் இரண்டுமே காம்போதியில் பாடப்படுகின்றன. சம்பந்தர் காலத்தில் அவை ஒன்றாக இருந்திருந்தால் இரண்டு பெயர் எதற்கு? வழக்கில் உள்ள ராகம் நமக்குக் கிடைத்த கடைசிப் படி மட்டுமே, தொடக்கம் அல்ல. கட்டளை, அதாவது பாடலின் சந்த அமைப்பு, பண்ணோடு எப்படிப் பிணைந்தது என்பதைப் பேசும் உரைகளே நம் பார்வையில் இந்த அரங்கின் சிறந்த உரைகள். இதற்குப் போகும்போது திருமுறைப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோங்கள். பண்முறைப் பதிப்பாக இருந்தால் வேலை சுலபம். தலமுறைப் பதிப்பில் ஒரு பண்ணின் பதிகங்கள் சிதறிக் கிடக்கும்.

இரண்டில் ஒன்றில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு: 50 நிமிடம் கிடைத்தால் 38-க்கு எழுதுங்கள். முழுக் கிருதி பாடாதீர்கள். சௌக்கக் காலக் (மிக மெதுவான) கிருதி ஒன்றே 10 நிமிடத்தை விழுங்கும். பல்லவியின் முதல் ஆவர்த்தனத்தை (ஒரு தாளச் சுற்றை) மூன்று பாடாந்தரங்களில் (குரு வழி வடிவங்களில்) அடுத்தடுத்துப் பாடுவது, முழுப் பாட்டை ஒரு முறை பாடுவதைவிட அதிகம் நிரூபிக்கும். மூன்றுக்கும் ஒரே சுருதி, ஒரே காலப்பிரமாணம். ஒலிப்பதிவுகளை 20 முதல் 30 நொடித் துண்டுகளாக வெட்டி, அரங்கின் ஒலிபெருக்கியில் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள்; மடிக்கணினி ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்ட தேய்ந்த தட்டு, அரங்கில் வெறும் இரைச்சலாக வரும். திரையில் நோட்டேஷன் காட்டுவதானால் ஒரு பக்கத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை அச்சிட்டு வாசலில் கொடுங்கள், மூலநூல் பக்க எண்களோடு.