ஆட்டங்கண்ட பூதக்கண்ணாடி: இரண்டு வருட அனுபவம்

தென்காசி அத்தான் போன வாரம் போனில் கேட்டார்: “மாப்ளே, பழைய பத்திரம் படிக்கதுக்கு ஏதோ லென்ஸ் புரோகிராம் எழுதியிருக்கியாமே, நல்லா இருக்கா? எனக்கும் அனுப்பேன்.” அனுப்ப ஒரு நிமிடம் போதும். உலாவியில் திறக்கிற ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதற்குள் நூற்றிருபது வரி ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். ‘நல்லா இருக்கா’ என்பதற்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. சொல்கிறேன் அத்தான் என்று போனை வைத்துவிட்டேன்.

இதை எழுதிய காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது அப்போதுதான். ஸ்ரீவைகுண்டம் பக்கம் பெரியப்பா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி போனது, மெத்தை போனது, அதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. தாத்தா காலத்து மரப்பெட்டியில் இருந்த பத்திரங்கள் ஊறிப்போனதுதான் பேச்சு. தண்ணீர் வடிந்ததும் தாள் தாளாகப் பிரித்து, கொடி கட்டி நிழலில் காயப்போட்டு, காய்ந்ததை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தேன். எல்லாம் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று தொடங்குபவை. ஸ்ரீவைகுண்டம் இப்போது இருக்கும் தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். அதற்கு ரொம்ப முந்திய தாள்கள்.

படத்தைச் சும்மா பெரிதாக்கிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பத்திரம் படித்தவர்களுக்குத் தெரியும், போதாது. நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தில் ‘மேற்படி’ என்று வந்தால் அந்த மேற்படி ஏழு வரி மேலே இருக்கும். பெரிதாக்கிய படத்தில் மேலே போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் இருந்த வரி தொலைந்துவிடும். முழுத் தாளும் திரையில் அப்படியே நிற்க வேண்டும், பார்க்கிற இடம் மட்டும் பெரிதாகத் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடி செய்வது அதைத்தான்.

முதல் வடிவம் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. வட்டமாக ஒரு பெட்டி, அதன் பின்னணியில் அதே படம் நான்கு மடங்கு அளவில், மவுஸ் எங்கே போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பின்னணியை நகர்த்த வேண்டும். ஓடவிட்டதும் மின்மினிப் பூச்சி மாதிரி விட்டு விட்டு எரிந்தது. மவுஸுக்கும் படத்துக்கும் நடுவில் கண்ணாடியே வந்து நின்றுகொள்வதால், படத்தை விட்டு மவுஸ் வெளியே போய்விட்டதாக உலாவி நினைத்துக் கண்ணாடியை மறைக்கிறது. மறைந்ததும் மவுஸ் படத்தின் மேல் இருக்கிறது, திரும்பக் காட்டுகிறது. கண்ணாடி மவுஸைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்ததும் சரியானது. அப்புறம் பின்னணி வித்தையை விட்டுவிட்டு, உலாவிக்குள் படம் வரைய உதவும் கேன்வாஸுக்கு மாறினேன். போன் எடுத்த படம் 3000 புள்ளி (பிக்சல்) அகலம், திரையில் தெரிவது 525 புள்ளி. மவுஸ் நிற்கும் இடத்தை 5.7 ஆல் பெருக்கினால் மூலப்படத்தில் அதே இடம் கிடைத்துவிடும். அங்கே ஒரு துண்டு வெட்டி வட்டத்துக்குள் வரைய வேண்டியதுதான். இதில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு. பெரியப்பா உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏல, இது கண்ணாடியா தூளியா? இந்த ஆட்டு ஆட்டுது.”

அவருக்கு வயது எழுபத்தெட்டு, கையில் லேசான நடுக்கம் உண்டு. நான்கு மடங்கில் மவுஸ் ஒரு புள்ளி நகர்ந்தால் கண்ணாடிக்குள் எழுத்து நான்கு புள்ளி ஓடும். கண்ணாடியும் கூடவே ஒரு புள்ளி நகர்வதைக் கழித்தால் திரையில் மூன்று புள்ளி, அதுவும் எதிர்ப்பக்கம். எட்டு மடங்கு வைத்தால் ஏழு. ஆக, எழுத்து எவ்வளவுக்குப் பெரிதாகிறதோ நடுக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுக்குப் பெரிதாகிறது. நான் ஓட்டிப் பார்த்தபோது என் கண்ணுக்கு இது படவே இல்லை.

கடையில் வாங்கிய கண்ணாடியும் கணக்குப்படி இப்படித்தான் ஆட வேண்டும். ஆனால் பெரியப்பா அதைப் பிடிக்கும் அழகைக் கவனித்திருக்கிறேன். சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொள்வார். கண்ணாடியை அசைக்காமல் இடதுகையால் தாளைத்தான் மெல்ல நகர்த்துவார். அந்தச் சுண்டுவிரலைப் புரோகிராமில் கொண்டுவரத்தான் இரண்டு வருடமாகப் பாடுபடுகிறேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வது. மவுஸ் இருக்கும் இடத்துக்குக் கண்ணாடி சட்டென்று தாவாமல், மீதமுள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், நகரச் செய்தேன். வினாடிக்கு அறுபது சட்டகம் என்றால் தூரத்தில் தொண்ணூறு சதவீதத்தைக் கடக்கப் பத்து சட்டகம் ஆகும், ஆறில் ஒரு பங்கு வினாடி. காகிதத்தில் ஒன்றுமே இல்லை. கையில் பிடித்தால், இழுத்தால் வராத எருமை. நடுக்கம் குறைந்தது, ஆனால் வரி முடிந்ததும் அவர் மவுஸை நிறுத்துவார், கண்ணாடி இன்னும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும். எரிச்சலில் மவுஸைப் பின்னால் இழுப்பார், அதுவும் தாமதமாக வரும். நடுக்கமே தேவலை என்று சொல்லிவிட்டார்.

அடுத்து, மூன்று புள்ளிக்குக் குறைவான அசைவைக் கண்டுகொள்ளாதே என்று எழுதினேன். கண்ணாடி அசையாமல் நின்றது, பிறகு பொசுக்கென்று ஒரு எழுத்து தாண்டிக் குதித்தது. அதற்கும் அடுத்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டால் கால் வேகத்தில் நகரும் ஏற்பாடு. அது எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது, வெற்றிலைப் பெட்டியை எடுக்கக் கை இல்லை.

கடைசியில் நின்றது இதுதான்: கிளிக் செய்தால் கண்ணாடி அங்கேயே உறைந்துவிடும். மவுஸை என்ன செய்தாலும் அசையாது. வலது அம்புக்குறியை அழுத்தினால் பாதிக் கண்ணாடி அகலம் நகரும், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த வரி. அன்றிலிருந்து பெரியப்பா மவுஸைத் தொடுவதில்லை. அதாவது, மவுஸோடு ஓடும் கண்ணாடி என்று நான் எழுதிய நூற்றிருபது வரியில் அவருக்குப் பயன்படுவது கடைசியாகச் சேர்த்த பதினைந்து வரி. இதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு பிழை என் தலையில். சொந்தக்காரர் ஒருவர் அவர் வீட்டிலிருந்த ஒரு கிரயப் பத்திரத்தைப் படமெடுத்துச் செய்திச் செயலியில் அனுப்பினார். வந்து சேர்ந்தது 1200 புள்ளியாகச் சுருங்கிய படம். அதை எட்டு மடங்கில் பார்த்தோம். விதைப்பாடு (நிலத்தின் அளவை அதில் விதைக்கும் நெல்லால் சொல்வது) இத்தனை மரக்கால் என்று தமிழ் எண்ணில் எழுதியிருந்தது. ரு போல இருந்தால் ௫, சு போல இருந்தால் ௬. மை ஊறியிருந்த அந்த எண்ணின் குறுக்கே தெளிவாக ஒரு கோடு தெரிந்தது. ஆறு மரக்கால் என்று படித்தோம். ஒரு மரக்கால் கூடுதல் எங்கே போனது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு, கொஞ்சம் குரலும் உயர்ந்தது. நேரில் போய் மூலத்தாளை நான் படமெடுத்துப் பார்த்தபோது கோடே இல்லை, ஐந்துதான்.

அந்தக் கோட்டைப் போட்டது ஜேபெக், படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் அது சுருக்குகிறது. அழுத்திச் சுருக்கினால் கட்டங்களின் ஓரம் வெளியே தெரியும். அந்தப் படத்தில் எட்டு மடங்கு வைத்தபோது ஒவ்வொரு கட்டமும் திரையில் 28 புள்ளி அகலம், கிட்டத்தட்ட ஓர் எழுத்தளவு. அந்த ஓரத்தையும் கேன்வாஸ் தன் வழக்கப்படி மெழுகி வழுவழுப்பாக்கிக் காட்டியதால் பேனா இழுத்த கோடு மாதிரியே இருந்தது. இல்லாததை இருப்பதாகக் காட்டிய கண்ணாடி. அன்றைக்கே இரண்டு மாற்றம் செய்தேன். மூலப்படத்தில் உள்ள புள்ளிகளுக்கு மேல் பெரிதாக்கினால் மெழுகுவது நின்றுவிடும், புள்ளிகள் கட்டம் கட்டமாகவே தெரியும். கண்ணாடியின் விளிம்பும் சிவப்பாகிவிடும். லேப்டாப்பில் திரை அளவு 125 சதவீதம் என்று வைத்திருந்தால் அந்த எல்லையையும் 1.25 ஆல் வகுக்க வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்தேன். சிவப்பு வந்தால் படிக்கக் கூடாது என்பது இப்போது வீட்டில் சட்டம். இந்தப் புரோகிராமில் நான் மார்தட்டிக்கொள்ளும் ஒரே விஷயம் இந்தச் சிவப்பு விளிம்பு.

மார்தட்ட முடியாத, ஆனால் சொல்லாமல் விட முடியாத ஒன்றும் உண்டு. ஒரு பத்திரத்தின் அடியில் பூட்டியின் கைநாட்டு இருந்தது. பூட்டிக்குப் புகைப்படம் கிடையாது, பெரியப்பாவே பார்த்ததில்லை. ஐந்து மடங்கில் கண்ணாடியை உறைய வைத்தபோது ரேகை வரிவரியாகத் தெரிந்தது. நடுவில் சாய்வாக ஒரு வெள்ளைக் கீற்று, வரிகளை வெட்டிக்கொண்டு போனது. பெரியப்பா தன் கட்டைவிரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். “கதிரறுக்கயில பட்டிருக்கும்,” என்றார். அதுவும் ஜேபெக் போட்ட கீற்றாக இருக்குமோ என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நான் எடுத்த 3000 புள்ளிப் படம், விளிம்பு சிவக்கவில்லை. அன்றைக்கு வேறு பத்திரம் எதையும் பார்க்கவில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. வட்டக் கண்ணாடி பார்க்க அழகு, படிக்க ஆகாது. வரியின் இரண்டு முனையும் வட்டத்தில் வெட்டுப்படும். பத்திர வரிக்கு நீளச் சதுரம்தான் சரி, மாற்றிக்கொடுத்தேன், பெரியப்பா வட்டமே வேண்டும் என்று திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். டச் ஸ்கிரீனில் விரலே எழுத்தை மறைப்பதால் கண்ணாடியை விரலுக்கு மேலே தள்ளி வைத்தேன், தாளின் முதல் வரிக்குப் போனால் அது திரைக்கு வெளியே போய்விடுகிறது. இன்னும் சரிசெய்யவில்லை. செய்யும் எண்ணமும் இல்லை.

ஆக, இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நின்று போகவில்லை. இணையம் வேண்டாம், காசு வேண்டாம், பெட்டியில் பாதிக்கு மேல் படித்தாகிவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அத்தானுக்கு நேற்று நான் அனுப்பிய பதில்: “உங்களுக்கு வேண்டாம் அத்தான். போனிலேயே இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள்.” நேற்று காலையில்தான் ஒரு பத்திரத்தைக் கிளிக் செய்ய மறந்து மவுஸிலேயே அரை மணி நேரம் படித்து, தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். வேறு நாளில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. “எனக்கென்ன பெரியப்பா மாதிரி கையா நடுங்குது, அனுப்புலே,” என்று பதில் வந்தது. அனுப்பிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா கூப்பிட்டார். அவர் லேப்டாப்பில் வலது அம்புக்குறி மட்டும் தேய்ந்து, அழுத்தினால் இறங்க மாட்டேன் என்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போக வேண்டும்.