புகைக்குழாய்ச் சூட்டுக்கு கிராபீனா, பிஸ்மத் டெல்லுரைடா?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் மைத்துனரின் மகன், கல்லூரிச் செயல்திட்டத்துக்காகக் கேட்டான்: “மாமா, எஞ்சின் சூட்டில் ஓர் எல்இடி எரிய வேண்டும். எதை வாங்கட்டும்?” சூட்டை மின்சாரமாக்க அவன் முன் இருந்தவை இரண்டு: ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராபீன்; பிஸ்மத்தும் டெல்லூரியமும் சேர்ந்த குறைகடத்தியான பிஸ்மத் டெல்லுரைடு.

மின்னழுத்தம்: ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு பிஸ்மத் டெல்லுரைடு சுமார் 200 மைக்ரோவோல்ட் தரும்.
கிராபீன் 100ஐத் தொடுவதே பெரிய காரியம்.

வெப்பக் கடத்தல்: கிராபீன் கவிழும் இடம் இதுதான். ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிர்ந்தும் இருந்தால்தான் மின்சாரம். தொங்கவிட்ட கிராபீன் தாளின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஆயிரக்கணக்கான வாட். பிஸ்மத் டெல்லுரைடுக்கு 2 வாட்டுக்கும் குறைவு. மின்சாரத்தை அருமையாகக் கடத்தும் அதே தாள், சூட்டையும் ஓட்டை வாளிபோல் விட்டுவிடுகிறது. நானோ நாடாக்களாக (கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகிய கீற்றுகளாக) நறுக்கி இதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். அது ஆய்வகத்து வேலை.

உழைப்பு: கிராபீன் வளையும்.
பிஸ்மத் டெல்லுரைடு நொறுங்கும். உப்புக்காற்று அதன் பற்றவைப்புகளையும் அரிக்கும்.

விலை: பிஸ்மத் டெல்லுரைடு அடங்கிய பெல்டியர் தகடு (இரு முகங்களின் வெப்ப வேறுபாட்டில் மின்சாரம் தரும் சில்லு) சில நூறு ரூபாய்தான்.

படகுக்குத் தகடு போதும், மருமகனே. மலிவுத் தகட்டின் பற்றாசு (உள் இணைப்புகளை ஒட்டும் உலோகக் கலவை) 138 டிகிரியிலேயே உருகலாம். புகைக்குழாயில் நேரே ஒட்டாதே. மறுமுகத்தில் கடல்நீர் ஓடட்டும், ஓரங்களை சிலிக்கோன் பசையால் அடை. உடலில் ஒட்டும் மெல்லிய உணரி (சென்சார்) செய்வதென்றால் கிராபீன் பக்கம் போ.